வார்டிலிருந்து திரும்பி வந்த பை: 41 தொப்பி, எதில் தப்பு?

பாடாங்செராய் பின்னல்காரி | வெள்ளி, காலை 9.10

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக மனசில் கிடப்பதை இங்கே கொட்டிவிடுகிறேன். திட்டினாலும் பரவாயில்லை.

எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமை தோறும் பதினோரு பேர் உட்கார்ந்து குரோஷே பின்னுகிறோம். (மலேசியாவில் எங்கள் கெடா மாநிலத்துக்கு வெள்ளிதானே லீவு.) பாதிப் பேர் ஹென்றியேட்டா, விக்டோரியா தோட்டங்களில் பிறந்து வளர்ந்து இப்போது தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு வந்தவர்கள். சின்னவளுக்கு 19, மூத்தவருக்கு 74. டிவி மேலே போடும் விரிப்பு, சோபா முதுகுக்கு விரிப்பு என்று ஒரு காலத்தில் பின்னித் தள்ளிய கைகள். டிவி இப்போது அப்பளம் மாதிரி தட்டையாகிவிட்டது, விரிப்பை எங்கே போடுவது? அதனால் குறைமாதக் குழந்தைகளுக்குத் தொப்பி பின்னலாம் என்று ஆரம்பித்தோம்.

மூன்று மாத வேலை. 41 தொப்பி, 12 ஜோடி காலுறை, 9 ஜோடி கையுறை, 6 ஆக்டோபஸ் பொம்மை. எல்லாவற்றையும் பெரிய பையில் போட்டு, ரிப்பன் கட்டி, ஓர் ஆஸ்பத்திரியின் பச்சைக் குழந்தை வார்டில் கொடுத்தோம். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். போட்டோகூட எடுத்துக்கொண்டோம்.

ஒன்பதாம் நாள் போன் வந்தது. வந்து எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். 7 தொப்பியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அதே ரிப்பனோடு திருப்பிக் கொடுத்தார்கள்.

மிஸ்ஸி (நர்ஸ்) மரியாதையாகத்தான் பேசினார். எனக்குத்தான் காரணம் கேட்க வாய் வரவில்லை. பையை மோட்டார் கூடையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் பிரித்தால் உள்ளே தனித்தனி பிளாஸ்டிக் பைகள், ஒவ்வொன்றிலும் மலாயில் ஒரு தாள். 13 தொப்பியில் 'பெசார்'. 7 தொப்பியில் 'புத்தாங்'. 14 தொப்பியில் 'பாவு'. காலுறை, கையுறைக்கு 'தாக் பெர்லு' (தேவையில்லை), ஆக்டோபஸுக்கு 'தாக் போலே' (கூடாது).

பெரியது என்பது புரிகிறது. பட்டன் புரிகிறது. வாசம்? மூக்கு உள்ளே போகிற அளவுக்கு முகர்ந்து பார்த்தேன். நல்ல வாசம்தான்! யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த வெள்ளிக்குள் நான் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நூல் உருண்டை | வெள்ளி, காலை 9.48

படிக்கும்போதே வயிறு எரிகிறது அக்கா. மூன்று மாத உழைப்பு. சும்மா கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க எப்படி மனசு வந்தது? நாங்கள் தெலுக் இந்தானில் முதியோர் இல்லத்துக்குத்தான் கொடுக்கிறோம், அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொள்வார்கள்.

குளுவாங் அண்ணன் | வெள்ளி, காலை 10.30

பெண்கள் பேசும் இடத்தில் மூக்கை நுழைக்கிறேன், மன்னிக்கவும். என் பேரனுக்கு வீட்டில் தொப்பி போட்டார்கள். தலை முழுக்க வேர்க்குரு. நம் ஊர் வெயிலுக்குக் கம்பளித் தொப்பி எதற்கு? வெள்ளைக்காரன் ஊரில் பனி கொட்டும், பின்னுகிறான். அதைப் பார்த்து நாமும் பின்னுவதா? நூலுக்குச் செலவழித்த காசுக்கு பேம்பர்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தால் யாரும் திருப்பி அனுப்பியிருக்க மாட்டார்கள். மனசில் பட்டதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | வெள்ளி, மதியம் 12.05

பின்னல்காரித் தங்கச்சி, ஒரே ஒரு கேள்வி. அந்த 14 தொப்பியும் ஒரே வீட்டில் இருந்து வந்தவையா? அந்த வீட்டு பீரோவில் என்ன போட்டு வைத்திருந்தார்கள்?

பாடாங்செராய் பின்னல்காரி | வெள்ளி, மதியம் 12.20

அக்கா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஆமாம், ஒரே வீடுதான். எங்கள் 74 வயதுப் பெரியம்மா வீடு. கரப்பான் அரித்துவிடும் என்று பீரோவில் நாலு அந்துருண்டை போட்டு, தொப்பியை எல்லாம் மல் துணியில் சுற்றி வைத்திருந்தார். அவர் அளவுக்குப் பத்திரமாக வைத்தவர் எங்களில் யாருமே இல்லை.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | வெள்ளி, மதியம் 1.40

அப்படியானால் 'பாவு' என்று எழுதியது அதைத்தான். நமக்கு அது புதுப் புடவை வாசம். தீபாவளிக்கு பீரோவைத் திறந்ததும் குப்பென்று வருமே, அது. பச்சைக் குழந்தை வார்டில் அந்த வாசம் வந்தால் துணியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவோம். நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் 31 வருஷம் வேலை பார்த்தேன், அதில் 12 வருஷம் இந்த வார்டில்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அந்துருண்டையில் பல நாஃப்தலீனால் ஆனவை. அது தண்ணீராகாமல் நேரே ஆவியாகும். நாளாக ஆக உருண்டை சின்னதாகிறது அல்லவா? குறைந்த பாகம் துணியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சில குழந்தைகளுக்கு ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவு. ரத்தத்தின் சிவப்பணுவைக் காப்பது அந்த நொதி. தாய் வழியாக எக்ஸ் குரோமோசோமில் வருகிற குறை என்பதால் ஆண் குழந்தைகளிடம்தான் அதிகம் பார்ப்போம். அந்தக் குழந்தை நாஃப்தலீன் காற்றைச் சுவாசித்தாலோ, அது ஏறிய துணி தோலில் பட்டாலோ சிவப்பணுக்கள் உடையும். மஞ்சள் காமாலை மடமடவென்று ஏறும். கட்டுமீறினால் மூளையைத் தொடும். மலேசியாவில் பிறக்கும் குழந்தைக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் இந்தச் சோதனை செய்வது 1980களில் இருந்தே வழக்கம். பிள்ளையின் ஆஸ்பத்திரி புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், முன் பக்கங்களில் இருக்கும். குறை இருந்தால், வீட்டில் உபாட் கெகாட் (அந்துருண்டை) வைக்காதே என்று தாய்க்கு அங்கேயே சொல்லி அனுப்புவார்கள்.

துவைத்தால் போகாதா என்று கேட்பீர்கள். வாசம் குறையும். ஆனால் 900 கிராம் பிள்ளையை வைத்துக்கொண்டு எந்த மிஸ்ஸியும் அந்தச் சூதாட்டம் ஆட மாட்டாள். அந்த 14 தொப்பியையும் குழந்தை பக்கமே கொண்டுபோகாதீர்கள். பெரியம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் தப்பு செய்யவில்லை. நம் வீடுகளில் பத்திரம் என்றால் அப்படித்தான் அர்த்தம்.

நூல் உருண்டை | வெள்ளி, மதியம் 2.02

காலையில் ஆத்திரப்பட்டு எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் தங்கை மகனுக்கே அந்தக் குறை உண்டு. புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. கொண்டைக்கடலை கொடுக்கலாமா கூடாதா என்று மட்டும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். பீரோ பக்கம் யோசிக்கவே இல்லை.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | வெள்ளி, மதியம் 2.15

கொண்டைக்கடலைக்குப் பிரச்சினை இல்லை. ஆகாதது ஃபாவா என்ற வேறொரு அவரை. சிலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது குளுவாங் அண்ணனுக்கு. நீங்கள் சொன்னதில் பாதி சரி. வீட்டுக்குப் போன பிறகு தூங்கும் பிள்ளைக்குத் தொப்பி போடக் கூடாது, சூடு ஏறிவிடும். ஆனால் வார்டு உங்கள் வீட்டுக் கூடம் இல்லை. அங்கே ஏர்கோன் ஓடும். குழந்தை உடம்பு 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் நிற்க வேண்டும். பச்சைக் குழந்தைக்குத் தலை மட்டுமே உடல் நீளத்தில் கால் பங்கு. குறைமாதம் என்றால் தோலுக்கு அடியில் கொழுப்பும் இல்லை. சூடு தலை வழியாக ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி ஒழுகிக்கொண்டே இருக்கும்.

இன்குபேட்டருக்குள் இருக்கும்போது பெரும்பாலும் தொப்பி வேண்டாம். காமாலை விளக்கின் கீழே படுத்திருக்கும்போது கூடவே கூடாது, வெளிச்சம் தோலில் பட வேண்டும். வெளியே எடுக்கும்போதுதான் தொப்பிக்கு வேலை. முக்கியமாக கங்காரு பராமரிப்பில். தாயின் நெஞ்சில் தோலோடு தோலாகக் குழந்தையைப் படுக்கவைத்து பாத்திக் துணியால் சுற்றிக் கட்டுவது. கொலம்பியாவில், பொகோட்டா நகரத்தில் இன்குபேட்டர் போதாமல் 1978இல் எட்கார் ரே சனாப்ரியா என்ற டாக்டர் ஆரம்பித்த முறை. ஏழை ஆஸ்பத்திரியில் வேறு வழியில்லாமல் பிறந்ததைத்தான் 2022இல் உலகச் சுகாதார நிறுவனம், குறைமாதக் குழந்தைக்குப் பிறந்த கையோடு தொடங்குங்கள் என்று எல்லா நாட்டுக்கும் சொன்னது. அந்தக் குழந்தை மேலே தொப்பி, கீழே பேம்பர்ஸ், அவ்வளவுதான் உடுத்தியிருக்கும். அண்ணன் பேம்பர்ஸ் கொடுங்கள், தங்கச்சி தொப்பி கொடுக்கட்டும். சண்டை தீர்ந்தது.

குளுவாங் அண்ணன் | வெள்ளி, மாலை 4.50

மிஸ்ஸி சொல்லுக்குக் கட்டுப்படுகிறேன். ஆனாலும் ஒன்று. ரிப்பன் கட்டி போட்டோ எடுத்ததைப் படித்தபோது கொஞ்சம் உறுத்தியது. கொடுப்பதற்கு முன்னால் வார்டுக்கு ஒரு போன் போட்டு என்ன வேண்டும் என்று கேட்டீர்களா?

பாடாங்செராய் பின்னல்காரி | வெள்ளி, மாலை 5.15

கேட்கவில்லை அண்ணே.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | வெள்ளி, இரவு 8.30

சரி, கேட்காமல் பின்னியாகிவிட்டது. இனி பின்னப்போவதற்குச் சொல்கிறேன்.

அளவுதான் முதல் பாடம். நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு 33 முதல் 35 செ.மீ. 32 வாரத்தில் ஏறக்குறைய 29. 28 வாரத்தில் 25 அல்லது 26தான். டேப்பைக் கையில் எடுக்கச் சோம்பல் என்றால் சமையலறைக்குப் போங்கள். நிறைமாதத் தலை, உரித்த தேங்காய். 28 வாரத் தலை, நல்ல பெரிய ஆரஞ்சுப் பழம். பின்னிய தொப்பியை அந்தப் பழத்தில் மாட்டித் தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. அதே சமயம் கழற்றும்போது பழத்தோலில் பின்னல் தடம் பதிந்திருக்கவும் கூடாது. தலையை விட இரண்டு செ.மீ. குறைத்துப் பின்னினால் சரியாக நிற்கும். பெரிய தொப்பி கண்ணில் இறங்கி மூக்கை மூடும். அதைத் தள்ளிவிட 28 வாரப் பிள்ளைக்குக் கை எழும்பாது.

நாம் எல்லாரும் நம் பேரப்பிள்ளையை நினைத்துக்கொண்டு பின்னுவோம், பெரிதாகத்தான் வரும். நானே முதலில் பின்னியதை மூத்த சிஸ்டர் பார்த்துவிட்டு, இது யாருக்கு, டாக்டருக்கா என்று கேட்டார்.

பட்டன், முத்து, பஞ்சுக்குஞ்சம், தாடைக்குக் கீழே கட்டும் கயிறு எதுவும் வேண்டாம். கழன்றால் வாயில் போகும், கயிறு கழுத்தைச் சுற்றும். காலுறையை வேண்டாம் என்றதற்கும் காரணம் உண்டு. பாதத்தில் சிவப்பு விளக்கு எரிகிற ஒரு பட்டையை ஒட்டியிருப்போம், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அதுதான் சொல்லும். கையில் மருந்து ஏறும் ஊசி. இரண்டையும் மூடினால் நாங்கள் எதைப் பார்ப்பது? கையுறையின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஏதாவது ஒரு நூல் தொங்கும். அது பிஞ்சு விரலைச் சுற்றி இறுகினால் ரத்தம் நின்று விரலே போய்விடும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

தாப்பா குட்டி | சனி, காலை 7.55

ஆக்டோபஸ் ஏன் கூடாது மிஸ்ஸி? யூடியூப்பில் குழந்தைகள் அதன் காலைப் பிடித்துக்கொண்டு தூங்குவதைப் பார்த்து நான் நாலு பின்னி வைத்திருக்கிறேன். தொப்புள்கொடியைப் பிடிப்பது மாதிரி இருக்குமாமே?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | சனி, காலை 9.20

டென்மார்க்கில் 2013இல் தன்னார்வலர்கள் ஆரம்பித்தது அது. வயிற்றுக்குள் கொடியைப் பிடித்து விளையாடிய பிள்ளை, வெளியே வந்ததும் மூக்குக் குழாயைப் பிடித்து இழுக்கும். அதற்குப் பதில் பிடிக்க ஒரு சுருள் கால் கொடுப்போம் என்பதுதான் யோசனை. அவர்கள் விதி கடுமையானது. நூறு சதவீதம் பருத்தி நூல், 60 டிகிரி தண்ணீரில் துவைத்துத் தாங்க வேண்டும், காலை இழுத்துப் பிடித்தால் 22 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, கண்ணை நூலால்தான் தைக்க வேண்டும், பஞ்சு எட்டிப் பார்க்காதபடி நெருக்கிப் பின்ன வேண்டும்.

சில வார்டில் அனுமதிப்பார்கள், சில வார்டில் மாட்டார்கள். பஞ்சு அடைத்த பொம்மையில் கிருமி தங்கும் என்று பயம். பெரிய ஆய்வுகள் வந்து அது உதவுகிறது என்று நிரூபிக்கவும் இல்லை. என் சொந்த அபிப்பிராயம்? தொப்பி அளவுக்கு அது அவசியம் இல்லை. பிடிக்க அம்மாவின் சுண்டுவிரல் இருக்கிறது.

பாசார் மாலாம் நூல்கடை | சனி, மதியம் 11.45

நான் வாரம் நாலு ராத்திரி பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) நூல் விற்கிறவள். வாடிக்கையாளர் குறைந்தாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்கிறேன். 'மில்க் காட்டன்' என்று நாங்கள் விற்கிற 50 கிராம் உருண்டை பெரும்பாலும் கலப்பு நூல். மிருதுவாகத்தான் இருக்கும், தொப்பிக்கு மோசமில்லை. ஆனால் சுத்தப் பருத்திதான் வேண்டும் என்று ஆஸ்பத்திரி சொன்னால் பெயரை நம்பி வாங்காதீர்கள்.

ஒரு சாண் நூலை வெட்டித் தட்டில் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசம், தொட்டால் பொடியாகிற சாம்பல். அக்ரிலிக் என்றால் உருகி, ஆறியதும் மிளகு மாதிரி கட்டியாக நிற்கும். ஆட்டுக் கம்பளி என்றால் முடி கருகுகிற நாற்றம். அந்த மிளகை விரலால் நசுக்கிப் பார்த்து நசுங்கவில்லை என்றால் பருத்தி இல்லை என்று முடிவு கட்டலாம். ஆறிய பிறகு நசுக்குங்கள், நான் ஒருமுறை அவசரப்பட்டேன்.

60 டிகிரிக்கு நம் வீட்டு மெஷின் தாங்காது, எல்லாம் பச்சைத் தண்ணீர்தான். டோபி கடைக்குப் போங்கள், காசு போட்டு நாமே துவைக்கிற இடம். சுடுதண்ணீர் பொத்தான் அங்கே இருக்கும். முன்னால் யாரோ எண்ணெய்த் துணி துவைத்திருப்பார்கள், அதனால் முதலில் ஒரு தடவை வெறும் மெஷினை ஓடவிடுங்கள். வாசனைத் திரவம் ஊற்றாதீர்கள்.

ஒட்டுப்பால் | சனி, மாலை 3.30

நான் பின்னுகிறவன் இல்லை, பின்னியதை வாங்கிக்கொண்டவன். இங்கே குழந்தைகள் பற்றியே பேசுகிறீர்கள், கிழவிகளுக்கும் ஒரு வரி எழுதலாம் என்று தோன்றியது.

என் பாட்டி 40 வருஷம் பால்மரம் (ரப்பர்) வெட்டிப் பால் எடுத்தவர். போன வருஷம் நிமோனியாவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மறதி நோய் முற்றிப்போய் யாரையும் அடையாளம் தெரியாது. கை மட்டும் சும்மா இருக்காது. ட்ரிப் போட்ட குழாயைப் பிடித்து, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்து, மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டே இருப்பார். இரண்டு தடவை ஊசி பிடுங்கிக்கொண்டது. கையைக் கட்டிவைக்கலாமா என்று கேட்டார்கள். ஏன் இழுக்கிறார் என்று ஒருவருக்கும் புரியவில்லை. என் அப்பாதான் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மா ஒட்டுப்பால் உருவுது."

தோட்டத்தில் வளராதவர்களுக்கு: முதல் நாள் வெட்டிய வரியில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நாடா மாதிரி உருவி எடுத்துக் கூடையில் போட்ட பிறகுதான் அன்றைய வெட்டு. ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு மரம். நாற்பது வருஷம்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு கைக்கூடு பின்னிக் கொடுத்தார். இரண்டு பக்கமும் திறந்த உறை மாதிரி, உள்ளே கையை விட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டில் மறதி நோயாளிகளுக்கு இப்படிக் கொடுப்பது வழக்கமாம், மேலே பட்டன், ஜிப் எல்லாம் வைப்பார்களாம். இவர் அது எதுவும் வைக்காமல் வெளிப்பக்கமும் உட்பக்கமும் நீள நீளமாகச் சுருள் நாடா மட்டும் பின்னித் தைத்திருந்தார், பழுப்பு நிறத்தில். பாட்டி அதை உருவ ஆரம்பித்தார். குழாயை விட்டுவிட்டார். வார்டில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: ஒருவருடையதை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது, வீட்டில் துவைத்துக் கொண்டுவர வேண்டும். இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கொடுத்தோம்.

பாட்டி இப்போது வீட்டில்தான். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து உருவ ஆரம்பித்துவிடுகிறார்.

நூல் உருண்டை | சனி, மாலை 4.10

தம்பி, அந்த நாடா எப்படிப் பின்னினார் என்று கேட்டுச் சொல்ல முடியுமா? ஒரு செயின் போட்டு, ஒவ்வொரு கண்ணியிலும் மூன்று தையல் நெருக்கினால் தானாகச் சுருளும். அதுதானா? எங்கள் முதியோர் இல்லத்தில் இருவருக்கு உடனே வேண்டும்.

ஒட்டுப்பால் | சனி, மாலை 6.00

கேட்டுவிட்டேன். அதேதான், ஆனால் இரண்டு தையல் போதுமாம். மூன்று போட்டால் சுருள் ரொம்ப இறுகி விரலுக்குப் பிடி கிடைக்காதாம்.

பஹாவ் அக்கா | சனி, இரவு 9.15

பெண்கள் விஷயம் ஒன்று. அண்ணன்மார் தாண்டிப் போய்விடலாம், படித்தாலும் ஒன்றும் ஆகாது.

மூன்று வருஷத்துக்கு முன் எனக்கு இடது மார்பகத்தை எடுத்தார்கள். சிலிக்கான் மார்பு வாங்கலாம் என்றார்கள். விலையைக் கேட்டுத் திரும்பிவிட்டேன். போட்டுப் பார்த்தவர்கள் கனம் என்கிறார்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே வியர்த்துக் கொட்டுமாம். ஒரு வருஷம் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு காலம் தள்ளினேன். கோயிலில் கையைத் தூக்கிக் கும்பிட்டால் கைக்குட்டை கழுத்துப் பக்கம் ஏறிவிடும். முருகன் முன்னால் நின்று அதைச் சரிசெய்துகொண்டிருப்பேன்.

பருத்தி நூலில் பின்னி, பாலியெஸ்டர் பஞ்சு அடைத்த மார்பு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் பார்பரா டெமரெஸ்ட் என்ற பெண், தனக்கு இந்த ஆபரேஷன் ஆன பிறகு 2011இல் ஆரம்பித்த இயக்கம், பெண்களுக்கு இலவசமாகவே பின்னிக் கொடுக்கிறார்கள். பின்னும் முறையும் இணையத்தில் இலவசம். பின்புறத்தைத் திறந்து பஞ்சைக் கூட்டிக் குறைக்கலாம், கழுவிக் காயப்போடலாம். நான் எனக்கு ஒன்று பின்னினேன். இப்போது ஒன்பது பேருக்குப் பின்னியிருக்கிறேன். கூட்டத்தில் வைத்து யாரும் கேட்க மாட்டார்கள், கழுவும் இடத்தில் வந்து காதோடு கேட்பார்கள். காயம் நன்றாக ஆறி, டாக்டர் சரி என்ற பிறகுதான் கொடுப்பேன்.

பின்னல்காரித் தங்கச்சி, உங்கள் 74 வயதுப் பெரியம்மாவிடம் இந்த வேலையைக் கொடுங்களேன். கண்ணிகள் நெருக்கமாக வர வேண்டும், பழைய கைக்குத்தான் அது வரும்.

பெயர் வேண்டாம் | ஞாயிறு, அதிகாலை 2.40

தூக்கம் வரவில்லை. முழு இழையும் படித்தேன்.

எங்கள் மகன் 25 வாரத்தில் பிறந்தான். 640 கிராம். இரண்டு நாள் இருந்தான். கடைசியில் குழாயெல்லாம் கழற்றிய பிறகு மிஸ்ஸி அவனுக்கு ஒரு தொப்பி போட்டு என் கையில் கொடுத்தார். மஞ்சள் நிறம். சரியாகப் பொருந்தியது. அவனுக்குப் பொருந்துகிற மாதிரி உலகத்தில் ஒரு துணி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, நாங்கள் வாங்கி வைத்திருந்ததெல்லாம் அவனை விடப் பெரியது.

தொப்பியை எனக்கே கொடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி புத்தகத்தின் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறேன். மூன்றாவது வரிசையில் ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கும். யார் பின்னியது என்று தெரியாது.

ரொம்பச் சின்ன அளவிலும் சில பின்னுங்கள். அதைக் கேட்கத்தான் எழுதினேன்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | ஞாயிறு, காலை 6.30

பின்னுகிறோம் அம்மா.

பாடாங்செராய் பின்னல்காரி | புதன், மாலை 7.20

மூன்று நாள் இந்தப் பக்கம் வராததற்குக் காரணம் உண்டு. செவ்வாய்க்கிழமை வார்டுக்குப் போனேன், இந்தத் தடவை பை இல்லாமல், நோட்டுப் புத்தகத்தோடு. போன் போட்டு நேரம் கேட்டுக்கொண்டுதான் போனேன், குளுவாங் அண்ணே.

சிஸ்டர் இருபது நிமிஷம் ஒதுக்கினார். தாள் எழுதி வைத்தது அவர்தான். திருப்பிக் கொடுத்தபோது என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லையாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

தொப்பி வேண்டும், அதிகம் வேண்டாம். மாதம் இருபது போதும். சுற்றளவு 24, 27 என்று இரண்டே அளவு. விளிம்பில் அளவை வேறு நிறத்தில் ஒரு வரி பின்னிக் காட்டினால் ராத்திரி ஷிப்டில் தேட வேண்டியதில்லையாம். அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. 24க்குப் பச்சை, 27க்கு நீலம் என்று பேசிக்கொண்டோம். 20 அளவில் ஒரு சிலவும் கேட்டார், மஞ்சளோ வெள்ளையோ, எதற்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நாங்கள் நினைத்தே பார்க்காத ஒன்றும் கேட்டார். உள்ளங்கை அளவு சதுரம், ஒரே மாதிரி இரண்டு இரண்டாக. ஒன்றைத் தாய் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்வாள், ஒன்று குழந்தை பக்கத்தில். மறுநாள் மாற்றிக்கொள்வார்கள். பிள்ளைக்கு அம்மா வாசம், வீட்டில் தனியாகப் பால் எடுக்கிற அம்மாவுக்குப் பிள்ளை வாசம். தொப்பியை விட இதற்குத்தான் அவசரமாம். கொக்கி ஊசி பிடிக்கத் தெரிந்த எந்தக் கத்துக்குட்டியும் ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வேலை. நாங்கள் மூன்று மாதம் காலுறைக் குதிகாலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

நூல் பருத்திதான். சுடுதண்ணீரில் துவைத்து, காயவைத்து, ஜிப் பையில் போட்டு, துவைத்த தேதி எழுதிக் கொடுக்கச் சொன்னார். வார்டில் இன்னொரு தடவை அவர்களே துவைப்பார்கள்.

பெரியம்மா விஷயம். நேரில் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்து போய் பீரோவைத் திறந்து, அந்துருண்டையை எல்லாம் பொறுக்கி ஒரு டின்னில் போட்டு இறுக்கி மூடி, "மொத பேரனுக்கு காமால வந்து லைட்டு போட்டாங்களே, அப்ப அவன் சட்டயெல்லாம் இந்த பீரோவுலதான் வச்சிருந்தேன்" என்றார். அவனுக்கு இப்போது 28 வயது. அவன் புத்தகத்தைத் தேடி எடுக்கச் சொல்லியிருக்கிறார், பார்க்க வேண்டுமாம். பஹாவ் அக்கா, நீங்கள் சொன்ன மார்பு பற்றியும் சொன்னேன். படம் காட்டச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, 2.5 ஊசி வேண்டும் என்றார்.

பஹாவ் அக்கா | புதன், இரவு 8.05

3 போதும் என்று சொல்லுங்கள். 2.5இல் பின்னினால் தேங்காய் மட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும். இல்லை, வேண்டாம், அவர் இஷ்டத்துக்கு ஒன்று பின்னட்டும், பிறகு பேசுகிறேன். போன் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

குளுவாங் அண்ணன் | புதன், இரவு 8.40

அந்தச் சதுரம் ஆண் பிள்ளை பின்னலாமா? மனைவி இறந்த பிறகு சாயங்காலம் ஓட மாட்டேன் என்கிறது. ஊசி எந்த நம்பர் வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

பாசார் மாலாம் நூல்கடை | புதன், இரவு 8.52

அண்ணே, 3.5 வாங்குங்கள், ரப்பர் பிடி போட்டது. முதல் பத்துச் சதுரம் கோணலாகத்தான் வரும். பிரிக்காமல் வையுங்கள்.